இருபத்தாறாம் நட்சத்திரம்

எங்கள் வீட்டில் நட்சத்திரம் என்றால் டிசம்பர் மாதம் மூங்கில் குச்சியும் வர்ணக் காகிதமும் வைத்துக் கட்டி வாசலில் தொங்கவிடுவது, அவ்வளவுதான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், சர்ச்சும் ரப்பர் மரமுமாக இருக்கிற ஊர். பிறந்த தேதி தெரியும், ஞானஸ்நானம் எடுத்த தேதி தெரியும். பிறந்த நட்சத்திரம் என்பது மற்றவர்கள் வீட்டு விஷயம். அப்படிப்பட்டவள் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அசுவினியில் ஆரம்பித்து ரேவதி வரை இருபத்தேழையும் மூச்சுவிடாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்றால், அதற்கு ஜோசியம் காரணமில்லை, டைப்பிங்தான் காரணம். எங்கம்மாவுக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் உபவாச ஜெபத்தில் என் பெயரையும் சேர்த்திருப்பாள்.

தொண்ணூறுகளில், தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், மூடினால் புழுக்கம். காலையிலும் சாயங்காலமும் வகுப்பு, நடுவில் வெளியிலிருந்து வரும் வேலைகள். வேலைக்கு நானும் இன்னொரு பெண்ணுமாக இரண்டு பேர். வகுப்பெடுப்பதும் புரோகிராம் எழுதுவதும் அவள். டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, பிரிண்டரில் காகிதம் சிக்கினால் திட்டிக்கொண்டே உருவி எடுப்பது எல்லாம் நான். அவள் கிழக்கேகோட்டை அக்ரகாரத்துப் பெண், கணக்கில் எம்.எஸ்ஸி., என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டால் உதைப்பேன் என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள். அதனால் நான் அவளை எட்டி என்பேன், அவள் என்னை வாடி போடி என்பாள். இரண்டு வகைத் தமிழும் இடையில் மலையாளமும் கலந்து நாங்கள் பேசுவதில் எங்கள் முதலாளிக்குப் பாதிதான் புரியும். அது எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

சி மொழி வகுப்பில் கோப்பைத் திறக்கும் பாடம் வந்தால் அவள் முகமே மாறிவிடும். நான் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருப்பேன், ஆனால் காது அங்கே இருக்கும். “ஆத்துல குழாயைத் திறக்கறோம். தண்ணி அருவிக்கரை அணைலேர்ந்து வரதா, மொட்டைமாடித் தொட்டிலேர்ந்து வரதான்னு பாத்துண்டா நிக்கறோம்?” என்று ஆரம்பிப்பாள். கோப்பும் அப்படித்தானாம். பிளாப்பியில் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், பிரிண்டராகவே இருக்கட்டும், எஃப்ஓப்பன் என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் அது ஒரு குழாயை நம் கையில் கொடுத்துவிடும். கேட்கும்போதே என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். படிக்க என்றால் ஆர், எழுத என்றால் டபிள்யூ, இருப்பதன் கடைசியில் சேர்க்க என்றால் ஏ. குழாய் கிடைத்ததா, இல்லை வெறுங்கையா என்று பார்க்காமல் குடத்தை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும், மூடாமல் போனால் கடைசியாக ஊற்றியது போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றுவிடலாம். இதைச் சொல்லும்போது அவள் கை தன்னாலே குழாயைத் திருகும். இவ்வளவு பெரிய சங்கதியை ஒரே ஒரு வரியில் அடக்கி வைத்தவன் எவனோ, அவனுக்குக் கோயில் கட்டலாம் என்பாள். எனக்கோ அவளுக்குக் கட்டலாம் போல இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் காய்ச்சல் வரவழைத்துக்கொள்கிற ஜாதி. எனக்கே அது புரிந்தது என்றால் பாருங்கள்.

அந்த ஜாதகப் பரிவர்த்தனை வேலை எங்களுக்கு வந்ததும் அவள் மூலமாகத்தான். அவர்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. கல்யாணத்துக்கு இருக்கும் பெண், பிள்ளைகளின் விவரங்களை வாங்கி வைத்து, மாதாமாதம் பட்டியல் அனுப்புவார்கள். பிள்ளை வீட்டாருக்குப் பெண்கள் பட்டியல் போகும், பெண் வீட்டாருக்குப் பிள்ளைகள் பட்டியல் போகும். தன் வீட்டுப் பெண்ணின் பெயர் இருக்கும் பட்டியலை எந்த அப்பாவும் பார்க்கப் போவதில்லை. வாங்கியவுடன் எல்லோரும் முதலில் தேடுவது நட்சத்திரத்தைத்தான். பொருந்தாத நட்சத்திரம் என்றால் கலெக்டர் உத்தியோகமாக இருந்தாலும் கண் அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் அசுவினி முதல் ரேவதி வரை நட்சத்திர வரிசையில்தான் பட்டியல் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவரை ரிட்டையரான ஒரு மாமா கையால் எழுதிக்கொண்டிருந்தார். கண் சரியில்லாமல் போனதும் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள்.

பெயர், கோத்திரம், பிறந்த தேதி, படிப்பு, விலாசம் எல்லாவற்றையும் நான் டைப் அடித்து ஒரு கோப்பில் வைப்பேன். அவள் எழுதிய முதல் புரோகிராம் அதை எடுத்து நட்சத்திர வாரியாக வரிசைப்படுத்தி இன்னொரு கோப்பில் எழுதும். இரண்டாவது புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து படித்துப் பட்டியலாக அச்சடிக்கும். மற்றதெல்லாம் எழுத்தாகவே இருந்தது, நட்சத்திரத்தை மட்டும் அவள் எண்ணாக மாற்றினாள். அசுவினி ஒன்று, பரணி இரண்டு, ரேவதி இருபத்தேழு. வரிசைப்படுத்தவும் சுலபம், ஒரே ஓர் எழுத்தின் இடம்தான் பிடிக்கும். சோதனைக்கு எங்கள் சென்டரில் படிக்கிறவர்கள் பெயரைப் போட்டுப் பார்த்தோம். எனக்கு நட்சத்திரம் கிடையாது என்றதும், முதல் பெஞ்சு உனக்குத்தான் என்று அசுவினியில் போட்டாள். உன் பெயர் எங்கேட்டி என்று கேட்டேன். என் ஜாதகம் ஊரெல்லாம் சுத்தறது போறாதா, இங்கேயும் வேணுமா என்று விட்டுவிட்டாள். பட்டியல் கச்சிதமாக வந்தது. மாமா வந்து பார்த்து, அச்சு மாதிரி இருக்கே என்று ஆச்சரியப்பட்டார். அச்சேதான் மாமா என்றாள்.

அவள் ஜாதகம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பரிவர்த்தனையிலும் அவள் அப்பா கொடுத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை, தெருவுக்குத்தான் தாங்கவில்லை. வந்து பார்த்த ஒருத்தன் கோலம் போட வருமா என்று கேட்டானாம். நன்னா வரும், உங்களுக்கு சி வருமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்ததாம். பஜ்ஜித் தட்டைக் கீழே போடாமல் உள்ளே போனதே பெரிய காரியம் என்று சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, ஒரு வருஷமாக யாரும் வரவில்லை. கேட்டு ஒரு வரி எழுதுவாரும் இல்லை. அவள் அம்மா கோயில் கோயிலாக நெய்விளக்குப் போட்டாள்.

அந்த இடைவெளியில்தான் மெட்ராஸ் வேலை வந்தது. பெரிய கம்பெனி. சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதி, இண்டர்வியூவும் முடித்து, ஏப்ரலில் வந்து சேரலாம் என்று சொல்ல வைத்துவிட்டாள். இங்கே இருந்தால் ஆயுசுக்கும் பரிவர்த்தனைப் பட்டியலும் பலசரக்குக் கடைக் கணக்கும்தான். அங்கே போனால் அவள் மூளைக்குத் தக்க வேலை. வீட்டில் ஒரே ரகளை. கடைசியில் அவள் அப்பா ஒரு முடிவு சொன்னார். சித்திரை பிறக்கிற வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஒரு வரனும் வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்துகொள். அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து பழவங்காடிப் பிள்ளையாருக்குப் பிடித்தது திண்டாட்டம். வரன் வர வேண்டும் என்று அம்மா தேங்காய் உடைத்தாள், வரக் கூடாது என்று மகள் ஆபீஸ் விட்டுப் போகிற வழியில் உடைத்தாள். மாசி போயிற்று, பங்குனியும் பிறந்தது, யாரும் வரவில்லை. அவள் பெட்டி வாங்க சாலை பஜாருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வாரத்தில் மாமா வழக்கம்போல் பட்டியல் வாங்க வந்தார். யாரோ ரேவதி நட்சத்திரப் பையனின் அப்பாவாம், பரிவர்த்தனை நடக்கிற ஹாலுக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாராம். வருஷம் ஒன்றாகிறது, என் பிள்ளையைக் கேட்டு ஒரு கார்டு கூட வரவில்லை, பட்டியலில் போடுகிறீர்களா இல்லையா என்று. ஒரு மாதிரி மனுஷர் என்று சொல்லி மாமா சிரித்தார். நான் அப்போது அச்சான காகிதத்தின் ஓட்டை ஓரங்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ரேவதி என்றதும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பூரட்டாதியோடு பட்டியல் நின்றிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ரேவதிக்காரர்களை என் விரலால் அடித்தது எனக்குத் தெரியாதா? மாமாவைக் கீழே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நான் அடித்த ஆட்களை எங்கேட்டி கொண்டு போட்டாய் என்று அவள் மேல் பாய்ந்தேன்.

அவள் காகிதக் கட்டை என் கையிலிருந்து வாங்கினாள். பெண்கள் பட்டியல், பிள்ளைகள் பட்டியல் இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தாள். நான் அடித்த கோப்பைத் திறந்தாள், எல்லோரும் இருந்தார்கள். வரிசைப்படுத்திய கோப்பின் அளவைப் பார்த்தாள், ஒருத்தர் குறையவில்லை. ஆக, எழுதினது சரி, படிக்கிறதுதான் நடுவில் நின்றுபோகிறது. அப்புறம் அந்தக் கோப்பில் இருக்கிற ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாகக் காட்டச் சொல்லி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். திரை நிறைய எண்கள் ஓடின. ஓர் இடத்தில் விரலை வைத்தாள். இருபத்தாறு. உடனே இரண்டாவது புரோகிராமைத் திறந்து எஃப்ஓப்பன் வரியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

எனக்கா, பற்றிக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினாள். படிக்க என்று வெறும் ஆர் மட்டும் சொல்லித் திறந்தால், எங்கள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற டாஸ் சிஸ்டம் அதை எழுத்துக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். டாஸுக்கு முன்னால் இருந்த பழைய சிஸ்டத்துக்கு ஒரு கோப்பு சரியாக எந்த இடத்தில் முடிகிறது என்று தெரியாதாம். அதனால் எழுத்து முடிந்த இடத்தில் இருபத்தாறு என்ற எண்ணைப் போட்டு வைப்பார்களாம், அதைக் கண்டால் முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பி என்று ஓர் எழுத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எண்ணுக்கு அர்த்தம் பண்ணாமல் இருப்பதை இருக்கிறபடி கொடுத்திருக்கும். இவள் பி போடவில்லை. கம்ப்யூட்டர் இருபத்தைந்தாவதான பூரட்டாதி வரை ஒழுங்காகப் படித்திருக்கிறது. இருபத்தாறாம் நட்சத்திரத்தின் முதல் ஆளைக் கண்டதும் கோப்பு முடிந்தது என்று கடையைக் கட்டிவிட்டது. அந்த நட்சத்திரத்துக்காரர்களும், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற ரேவதிக்காரர்களும் ஒரு வருஷமாக எந்தப் பட்டியலிலும் இல்லை. “என்ன அழகா மாட்டிண்டிருக்கு பாருடி” என்றாள். தான் செய்த தப்பையே இப்படி ரசிக்கிற ஒரு ஜென்மத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இருபத்தாறு எது என்று நான் விரல்விட்டுப் பார்த்தேன். சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி. அவள் சிரிப்பு அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. உத்திரட்டாதி அவளுடைய நட்சத்திரம்.

அன்று சோதனையில் அவள் பெயரைப் போட்டிருந்தால் அப்போதே மாட்டியிருக்கும். ஒரு வருஷமாக வரன் வராத காரணம் கிரகமும் இல்லை, தேங்காயும் இல்லை, அவள் கையால் எழுதிய ஒரு வரி. அதைத் திருத்தினால் இந்த மாதப் பட்டியலிலேயே அவள் பெயர் ஊர் ஊராகப் போகும். எம்.எஸ்ஸி. படித்த, லட்சணமான பெண்ணைக் கேட்டு ஒருத்தராவது எழுதாமல் இருப்பார்களா? ஒரு வரன் வந்தால் போதும், அப்பா சொன்ன சொல்படி மெட்ராஸ் போயிற்று. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “எட்டி, வாயை மூடிட்டு இரி. சித்திரை பிறக்கட்டும், நீ ரயில் ஏறு. அப்புறம் அந்த பி-யை நான் போடுதேன்” என்றேன். ஒரு வருஷம் காத்திருந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் ஒரு பாடா? இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

அவள் தலையை ஆட்டினாள். “எங்கம்மா போட்ட விளக்கையெல்லாம் அவா அம்மாக்களும் போட்டிருப்பாடி. நம்ம பொண்ணுக்கு என்ன குறைன்னு உக்காந்து அழுதிருப்பா. தெரிஞ்சப்புறம் ஒரு மாசம் என்ன, ஒரு நாள் கூட என்னால முடியாது.” அவ்வளவுதான் சொன்னாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அவள் பாட்டுக்குத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். படிக்கிற வரியில் மட்டும் பி போட்டால் போதாதாம், எழுதுகிற வரியிலும் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் பத்து என்ற எண்ணை வரி முடிவு என்று நினைத்துக் கூடவே இன்னோர் எண்ணைச் சேர்த்து எழுதிவிடும், பத்தாவதான மகத்தில் போய்ச் சிக்கும் என்று தானே பேசிக்கொண்டாள். சொந்தத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலையை அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு கவனமாக ஒருத்தி செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோபம் ஒரு பக்கம், கும்பிடத் தோன்றியது ஒரு பக்கம். மாமா சாயா குடித்துத் திரும்பியபோது முழுப் பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது.

மாமாவிடம் மட்டும் சொன்னால் போதும் என்றேன், அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பரிவர்த்தனைக் கூட்டம் நடக்கிற ஹாலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெஞ்சுகளில் ஜாதகக் கட்டும் கையுமாகப் பெற்றவர்கள். அவள் அப்பாவும் முன்வரிசையில் இருந்தார். மாமா ஜாக்கிரதையாக, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து, கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை, நான் எழுதினதில்தான் தப்பு என்றாள். உத்திரட்டாதி, ரேவதி இரண்டு நட்சத்திரத்துக்காரர்களும் ஒரு வருஷமாகப் பட்டியலில் வரவில்லை, உங்கள் குழந்தைகளுக்கு எந்தக் குறையும் இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். ஹாலில் ஒரே கூச்சல். அந்த ரேவதிப் பையனின் அப்பா எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் கை கட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஓர் அம்மா மட்டும் திட்டவில்லை. பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டு, அப்போ என் பொண்ணு ஜாதகத்தில் தோஷம் ஒண்ணும் இல்லையோன்னோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை மாமி, இல்லவே இல்லை என்று இவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அப்பா யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பயந்தபடியே ஆயிற்று. பட்டியல் போன கொஞ்ச நாளில் அவளைக் கேட்டுக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பம்பாயிலிருந்து ஒன்று, பாலக்காட்டிலிருந்து ஒன்று, இன்னும் எங்கெங்கிருந்தோ. வீட்டில் அப்பா அவளோடு பேசுவதில்லை, அம்மா மட்டும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டச் சந்தோஷமாக ரவா வறுத்து வைத்தாள். அவள் வழக்கம்போல் வந்து வகுப்பெடுத்தாள். குழாய் திருகுகிற கை மட்டும் திருகவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வானா என்று என்னிடம் கேட்டாள். சும்மா இரு என்று அதட்டினேன்.

சித்திரைக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், அவள் அப்பா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த வரியை நான் பார்க்கணும் என்றார். அவள் திரையில் காட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது.

“இதை நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதோன்னோ?”

“தெரிஞ்சிருக்காதுப்பா.”

“கேட்டிருந்தவா எல்லாருக்கும் கார்த்தால பதில் போட்டுட்டேன். பொண்ணு மெட்ராஸ்ல வேலைல சேரப் போறா, வேணுங்கறவா அங்கே வந்து பேசட்டும்னு.”

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருப்பார்கள். இவள் அப்போதும் விடவில்லை. வரன் வரவில்லை என்றால்தானே போகலாம் என்று சொன்னீர்கள், வந்துவிட்டதே அப்பா என்றாள். எனக்கு அவள் காலை மிதிக்கலாம் போல இருந்தது.

“வந்துடுத்து. நீதானே வரவழைச்சே” என்றார் அவர். “உன்னை எந்த ஊருக்கு அனுப்பவும் எனக்கு பயமில்லைடி குழந்தே.”

ஹாலில் அத்தனை பேர் திட்டியபோது கலங்காதவள் கீபோர்டு மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் தட்டிக்கொண்டே நின்றார். அவள் நிஜமாகவே போகப் போகிறாள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. நானும் அழுதேன்.